ஃப்ரீமாண்டா, மில்பிடாஸா? குடிபெயர்வுக்கு முந்திய ஓர் ஒப்பாய்வு

தமிழர் குடிபெயர்வைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் கடல் கடந்தவனைத்தான் துரத்துகின்றன. பினாங்குக்குப் போனவன், நேட்டாலுக்குப் போனவன், ஃபிஜிக்குப் போனவன் என்று அலமாரி நிறைய உண்டு. கலிஃபோர்னியாவின் பே ஏரியாத் தமிழன் ஒருவன், இருக்கும் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு வீடு மாறுவதைப் பற்றி ஒரு முனைவர் பட்டம்கூட என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் யோசனை அதிகம் செலவாவது இரண்டாவது பயணத்துக்குத்தான். அமெரிக்கா வருமுன் நியூஜெர்சியையும் டெக்சஸையும் கலிஃபோர்னியாவையும் எடை போட்டுப் பார்த்து வந்தவன் எவன்? கம்பெனி எங்கே தள்ளியதோ அங்கே பெட்டியை இறக்கினான். அதே ஆள் ஃப்ரீமாண்டிலிருந்து மில்பிடாஸ் போவதற்குள் இரண்டு தீபாவளி போய்விடுகிறது.

முதலில் ஆய்வுக் களம். இரண்டு ஊர்களும் மண்ணால் ஒட்டிக்கொண்டவை. நடுவே ஓடுவது ஒரு கவுண்டி எல்லை மட்டும். வடக்கே ஃப்ரீமாண்ட், அலமீடா கவுண்டியின் தென்கோடி. தெற்கே மில்பிடாஸ், சாந்தா கிளாரா கவுண்டியின் வாசல்படி. சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஐந்து சிற்றூர்கள் 1956இல் சேர்ந்து ஃப்ரீமாண்ட் ஆயின. நியூவர்க் மட்டும் ‘நான் வரமாட்டேன்’ என்று முந்தின ஆண்டே தனி நகராகிவிட்டது. விளைவு, இன்று மெதுவடைக்கு ஓட்டை போல ஃப்ரீமாண்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மில்பிடாஸ் 1954இலேயே நகரானது. 2020 கணக்கெடுப்பில் ஃப்ரீமாண்டில் சுமார் 2,30,000 பேர், மில்பிடாஸில் 80,000 பேர்.

அடுத்து ஆய்வு முறை. லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலின் பிரசாத வரிசையிலும், பிறந்தநாள் பொட்லக்குகளிலும், லேக் எலிசபெத் நடைபாதையிலும் தரவு திரட்டப்பட்டது. மாதிரி அளவு வெளியே சொல்லும்படி இல்லை. ஆனால் ஒவ்வொரு தகவலாளியும் மூன்று பேருக்குப் பேசினார் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கணவன்மார்கள் எக்செல் கோப்பு வைத்திருந்தார்கள். பள்ளி, பயண நேரம், வரி, மணம், பிரியாணி என்று நெடுவரிசைகள். மனைவிமார்களிடம் கோப்பு இல்லை, முடிவு இருந்தது.

இவ்வாய்வின் கருதுகோள் இது: ஊர் நல்லதாக இருப்பதால் விலை ஏறுவதில்லை, விலை கொடுத்துவிட்டதால் ஊர் நல்லதாகிறது. கையெழுத்து முதலில், காரணம் பிறகு.

மணம் என்ற நெடுவரிசையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மில்பிடாஸ் என்றதும் ஃப்ரீமாண்ட்காரர் முதலில் தொடுவது தன் மூக்கைத்தான். டிக்ஸன் லேண்டிங் சாலை பக்கம் கோடைகாலச் சாயங்காலத்தில் கார் கண்ணாடியை இறக்கினால் ஒரு வாடை உள்ளே ஏறும். குப்பைமேடு ஒன்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று, விரிகுடாவின் உப்புச் சேறு ஒன்று என மூன்று பேர் சேர்ந்து தயாரிப்பது அது. எந்த நாளில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தேர்ந்த மூக்கு வேண்டும். இந்தக் கீர்த்தி பழையது. 1976இல் அவ்வூர்ப் பள்ளி மாணவர்களும் ஊராரும் சேர்ந்து ‘தி மில்பிடாஸ் மான்ஸ்டர்’ என்று ஒரு திரைப்படமே எடுத்தார்கள். கதாநாயகன் என்று சொல்லத்தக்கவர் குப்பையில் பிறந்த ராட்சசர். தன் நாற்றத்தைத் தானே படமாக்கிய ஊர் உலகில் வேறு இருக்கிறதா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆனால் நிலப்படத்தை விரித்தால் கதை மாறுகிறது. அந்தக் குப்பைமேடான நியூபி ஐலண்ட் இருப்பது மில்பிடாஸ் எல்லைக்குள் அல்ல. அது சான் ஹோசே நகருடையது. அதை விரிவுபடுத்தக்கூடாது என்று மில்பிடாஸ் எதிர்த்துப் போராடியும் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதைவிட வேடிக்கை, ஃப்ரீமாண்டின் வார்ம் ஸ்பிரிங்ஸ் பகுதியும் இதற்கு ஒன்றும் தொலைவில்லை. அங்கே வீடு வாங்கிய தகவலாளி ஒருவரிடம் கேட்டேன்.

“உங்களுக்கு அந்த வாடை வர்றதில்லையா?”

“எப்பவாவது வரும். ஆனா அது மில்பிடாஸ் வாடைங்க.”

நாற்றத்துக்கும் சொத்துரிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மில்பிடாஸ் தகவலாளியோ, “வாடையா? விருந்தாளிங்கதான் சொல்றாங்க, எங்களுக்குத் தெரியல” என்றார்.

பள்ளி விஷயம் இதைவிடச் சிக்கல். ஃப்ரீமாண்டில் மிஷன் சான் ஹோசே உயர்நிலைப்பள்ளி எல்லைக்குள் வரும் வீட்டுக்கு ஒரு விலை, அதற்கு வெளியே வரும் அதே மாதிரி வீட்டுக்கு வேறு விலை. பள்ளி அரசுப் பள்ளி, கட்டணம் இல்லை. கட்டணத்தை வீட்டுக் கடனோடு சேர்த்து முப்பது ஆண்டுகளில் வங்கி வசூலிக்கிறது. மில்பிடாஸில் இந்தத் தலைவலி கிடையாது. ஊருக்கே பெரிய பொது உயர்நிலைப்பள்ளி ஒன்றுதான். எந்தத் தெருவில் இருந்தாலும் பிள்ளை அங்கேதான் போகும். இதை நிம்மதி என்று பதிவு செய்யப்போனபோது ஒரு தகவலாளி தடுத்தார். “போட்டி இல்லாத இடத்துல பையன் எப்படிப் படிப்பான்?” அவரே சற்று முன், மிஷனில் போட்டி தாங்காமல் பிள்ளைகள் வாடுகிறார்கள் என்று வருந்தியவர்.

மகிழ்ச்சி என்ற நெடுவரிசையில் ஃப்ரீமாண்டை அடிக்க ஆளில்லை. வாலட்ஹப் என்ற நிறுவனம் வெளியிடும் மகிழ்ச்சியான அமெரிக்க நகரங்களின் பட்டியலில் அது திரும்பத் திரும்ப முதலிடம் பிடிக்கிறது. 2024இலும் அதுவே. அளவுகோல்களில் ஒன்று, பிரிந்து வாழ்வோரும் மணமுறிவு பெற்றோரும் எத்தனை பேர் என்பது. அதில் ஃப்ரீமாண்ட் மிகக் குறைந்த இடம். புள்ளியியலாளர்கள் இதைப் பாசம் என்று படிக்கிறார்கள். அங்கே குடியிருப்போர், தனித்தனியே இரண்டு வாடகை கட்டிப் பாருங்கள் என்கிறார்கள். மில்பிடாஸ் அந்தப் போட்டியிலேயே இல்லை. பெரிய நகரங்களைத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கவும் மக்கள்தொகை வேண்டும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டலாம். பார்ட் ரயில் ஃப்ரீமாண்டுக்கு 1972இலேயே வந்துவிட்டது. மில்பிடாஸுக்கு 2020 ஜூனில் வந்தது, அதாவது ஒருவரும் அலுவலகம் போகாத மாதத்தில். நிலநடுக்கத்தில் ஃப்ரீமாண்ட் முந்தும்: ஹேவர்ட் பிளவு ஊரின் ஊடாகவே ஓடுகிறது, 1868இல் மிஷன் தேவாலயத்தையே சாய்த்தது. மில்பிடாஸ் மலைப்பக்கமும் பிளவுகளுக்குத் தூரமில்லை என்பதால் இதில் யாரும் மார்தட்ட முடியாது. பெருமக்கள் கணக்கில் ஃப்ரீமாண்ட் தரப்பு, 1915இல் சாப்ளின் ‘தி டிராம்ப்’ எடுத்தது நைல்ஸில் என்று தொடங்கி, ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற கிறிஸ்டி யாமகுச்சி வளர்ந்தது தங்கள் ஊரில் என்று முடிக்கும். மில்பிடாஸ் தரப்பின் பதில், டேபிள் டென்னிஸ் வீரர் கனக் ஜா பிறந்தது தங்கள் ஊரில் என்பது. மூவரில் யாராலும் வீட்டு விலை ஒரு டாலர் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

கார் ஆலைகளை மட்டும் விட்டுவிட மனமில்லை. இரண்டு ஊரிலும் ஒவ்வொன்று இருந்தது. ஃப்ரீமாண்டின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டு, டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து மறுபடி திறந்து, 2010இல் டெஸ்லாவின் கைக்குப் போனது. மில்பிடாஸின் ஃபோர்டு ஆலை, மஸ்டாங் கார்கள் பிறந்த கூடம், 1983இல் மூடியது. 1994இல் அதே கட்டடம் கிரேட் மால் ஆனது. ஆறு மாதம் தங்க வந்த அப்பா அம்மா, ஊருக்குக் கொண்டுபோகத் தள்ளுபடிச் சட்டைகளை அங்கேதான் அள்ளுகிறார்கள். ஒரு ஊர் டெஸ்லாவைச் செய்கிறது, மற்ற ஊர் டெஸ்லாவை நிறுத்த இடம் தருகிறது.

இனி நேரடிக் களப்பணி. ஞாயிறு மதியம் ஓப்பன் ஹவுஸ். வாசலில் காலுக்கு நீல நிற உறை மாட்டிக்கொண்டு ஒரு தமிழ்த் தம்பதி நுழைகிறது. ரியல்டர் குவார்ட்ஸ் மேடையைத் தடவிக் காட்டுகிறார். கணவர் கைபேசித் திசைகாட்டியைச் சமையலறை நடுவில் நீட்டி நிற்கிறார். மனைவி அடுப்புக்கு மேல் விசிறியைப் போட்டு, கையை வைத்துப் பார்த்து, அணைக்கிறார்.

“ஏங்க, இது புகையை வெளிய தள்ளாது. உள்ளயே சுத்தி விடும்.”

“வடகிழக்குல பாத்ரூம் இல்ல, அதைப் பாரு.”

“வாஸ்து புருஷனா மீன் வறுக்கப் போறான்?”

எக்செல் கோப்பின் பதினான்கு நெடுவரிசைகளும் அந்த விசிறியின் கீழ் காலமாயின. தண்ணீரும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஃப்ரீமாண்ட் குழாயில் நைல்ஸ் நிலத்தடிநீரும் கலந்து வருகிறது, நிலத்தடிநீர் கடினமானது, கடின நீரில் துவரம்பருப்பு வேக நேரமாகும். இந்த வேதியியலை அறியாத மாமியார் ஒருவர், வந்த மறுநாளே, “தம்பி, இந்த ஊர் பருப்பு சரியில்ல” என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மில்பிடாஸ் தேடல் அன்றே தொடங்கியது.

வரியில்தான் ஒப்பாய்வு முற்றிலும் படுத்துவிடுகிறது. கலிஃபோர்னியாவின் 1978ஆம் ஆண்டு 13ஆம் முன்மொழிவுப்படி, வீட்டு வரியின் அடிப்படை வாங்கிய விலையில் ஒரு சதவீதம். மதிப்பை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, விற்கும்வரை. எனவே எழுபதுகளில் வாங்கிய பாட்டியும் போன மாதம் வாங்கிய மென்பொருளாளரும் ஒரே வேலியின் இரு பக்கம் நின்றுகொண்டு, நகரங்களுக்கிடையே காண முடியாத வித்தியாசத்தைக் கட்டுகிறார்கள். நெடுவரிசை அமைத்தவர் இரண்டு ஊர்களை ஒப்பிட்டிருக்கிறார். ஒப்பிட வேண்டியது இரண்டு வருடங்களை.

தகவலாளிகளில் சிலர் ஃப்ரீமாண்டையும் வாங்கவில்லை, மில்பிடாஸையும் வாங்கவில்லை. அல்டமாண்ட் கணவாயைத் தாண்டி, 2024 ஜூலையில் நகரான மவுண்டன் ஹவுஸில் ஐந்து படுக்கையறை வீடு வாங்கினார்கள். அங்கே குடியேறிய கையோடு, அது நல்லதா பக்கத்து டிரேசி நல்லதா என்று ஒப்பீடு ஆரம்பமாகியிருக்கிறது. கோப்பு எனக்கும் வந்தது. நெடுவரிசைகள் அப்படியே இருக்கின்றன. காற்றாலைகள் நிற்கும் இடம் என்பதால் ‘மணம்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு ‘காற்று’ என்று போட்டிருக்கிறார்கள்.