முன்பாதி ஜப்பான்

ரந்தாவில் அவர் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. "டர்போ அண்ணன் வீடு" என்று கேளுங்கள். பசியாறிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வந்து கை காட்டுவார். சாயங்காலமென்றால் கேட்கவே வேண்டாம். கியர் மாற்றும்போதெல்லாம் 'ப்ஷ்ஷ்' என்று ஒரு சீறல் தெருமுனையிலிருந்து வரும். டர்போவின் மிச்சக் காற்றை வெளியே விடுகிற வால்வு அது. சத்தமில்லாமல் உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடுகிற வால்வு இஞ்சினோடு சும்மாவே வந்தது. அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ஊருக்குக் கேட்கிற மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து மாட்டியிருக்கிறார்.

"ஜப்பான் காடிண்ணே" என்பார். பின்னால் போய் நின்று பார்த்தால் புரோட்டோன் வீரா. ஷா ஆலாமில் பிறந்தது. அதற்காக அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பாதி ஜப்பான்தான்.

ஜப்பானில் புதுக் காடிக்கு மூன்று வருடத்தில் ஒரு பரிசோதனை. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று. செலவு கையைக் கடிக்கும். அதனால் நன்றாக ஓடுகிற காடியையே கழித்துவிடுகிறார்கள். வயதான காடியை முழுசாக மலேசியாவுக்குக் கொண்டுவர பெர்மிட், வரி, வயது வரம்பு என்று ஆயிரம் தொல்லை. கண்ணாடிக்குப் பின்னால் குறுக்கே வெட்டிவிட்டால் அது காடி இல்லை, சாமான். கிள்ளான் பக்கத்துக் கடைகளில் அப்படி வெட்டுண்ட மூஞ்சிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். 'ஹாஃப்கட்' என்பார்கள். அந்த வரிசையில் ஒரு மித்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் முன்பாதியைப் பார்த்த நாளை அண்ணன் தன் பிறந்தநாளைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறார்.

1993-இல் வந்த வீரா, லான்சரின் வார்ப்பில் செய்தது. அதனால் லான்சரின் 1.8 லிட்டர் டர்போ இஞ்சின், அத்தை வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி உரிமையோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சாதாரண 1.5 வீராவுக்குத் தொண்ணூறு குதிரைத்திறன் இருந்தாலே பெரிது. ஜிஎஸ்ஆருக்கு 195. இந்த விஷயத்தைப் பின்பாதிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, 195-ஐ வைத்துக்கொண்டு பறக்கிறாரா? எங்கே பறப்பது! லிங்கி ரோட்டில் முன்னால் செம்பனைக் குலை லோரி ஊர்ந்துகொண்டிருக்கும். வளைவில் ஒரு குலை உருண்டு விழுந்தால் பம்பர் போச்சு. தாமானுக்குள் போனால் மேட்டுக்கு மேல் மேடு. காடியோ தரையை நக்குகிற உயரம். ஒவ்வொரு மேட்டையும் கோணலாக, ஒரு டயர் ஒரு டயராக ஏற்றி இறக்குவார். பின்னால் சைக்கிளில் வருகிற பாட்டி மணியடித்துவிட்டு முந்திப் போய்விடுவார். கோயிலில் பூசை போட்டபோது பூசாரியின் கையும் எலுமிச்சம்பழமும் சேர்ந்து பம்பருக்கு அடியில் நுழையவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கித்தான் பழம் வைத்தார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்துகிற அழகைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாவியை உருவுவார், கதவைப் பூட்டுவார், செருப்பைக் கழற்றுவார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

"தம்பி, காடிய அணைக்காம போறியே!" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கத்துவார்.

"டர்போ டைமர், ஆன்ட்டி. அதுவா அணையும்."

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சூட்டோடு நிறுத்தினால் எண்ணெய் கருகிவிடும். அதனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆற்ற வேண்டும். நியாயம்தான். ஆனால் அவர் வந்தது கடைத்தெருவிலிருந்து, மேடு ஏறி இறங்கி. சூடாகியிருந்தது அவர் ஒருவர்தான்.

அரசாங்கம் மானியத்தில் தருகிற 95 பெட்ரோல் இந்த இஞ்சினுக்கு ஆகாது. 97-தான். எண்ணெய் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால், இவர் மூவாயிரத்திலேயே மாற்றுவார். குச்சியை உருவி, விரலில் தொட்டு, மோந்து பார்ப்பார். தனக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல். காடி லேசாக இருமினால் சிரம்பான் பட்டறை. இஞ்சின் மாற்றியதைப் புஸ்பாகோமில் காட்டி, ஜேபிஜேயில் பதிந்து வாங்கிய கிராண்ட், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டால்தான் தெரியாது.

2009-இல் அரசாங்கம், 2011 ஜூனிலிருந்து பழைய சாமான் இறக்குமதிக்குத் தடை என்று அறிவித்தது. அண்ணன் அவசர அவசரமாக வாங்கிக் குவித்தார். எதிர்ப்பு வந்து தடை தள்ளிப்போய்விட்டது. அண்ணன் கட்டிலுக்கு அடியில் இன்றும் ஒரு கியர்பாக்ஸ் படுத்திருக்கிறது.

இதே வீட்டில் இன்னொரு ஜப்பான் வண்டியும் உண்டு. லின்சம் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் அப்பா வாங்கிய ஹோண்டா சி70. எண்ணெய் கறுத்தால் மாற்றுவார், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஒரே மிதி, கிளம்பிவிடும். அண்ணனின் காடி பட்டறையில் இருக்கும் நாட்களில் அவரை வேலைக்குப் போகிற பஸ் வரை கொண்டுபோய் விடுவது அதுதான். தாமான் முனை வரும்போது அண்ணன் தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வார்.

பெண் பார்க்கப் போனபோது எடை குறைய வேண்டுமென்று பின்சீட்டைக் கழற்றியிருந்தார். அம்மா அப்பா அக்காவின் மைவியில் பின்னால் வந்தார்கள்.

"காடியில எத்தனை பேர் உட்காரலாம், தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

"ரெண்டு பேரு, மாமா. இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்."

அம்மா கிள்ளியது வாசல் வரை தெரிந்தது. நல்லவேளையாகப் பெண் சிரித்துவிட்டது, காரியம் கூடிவந்தது. அப்போதுதான் பெண்ணின் தம்பி பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டான்:

"இதவிடப் பெரிய ஈவோ இஞ்சினே போட்டிருக்கலாமேண்ணே?"

கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது. மச்சானோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.