ராணிக்கு விடியற்காலைப் பாடம்

கேள்வி: அரச தயவு கிடைத்தும், அதனாலேயே கெட்டுப்போன அறிஞர் யாராவது உண்டா?

பதில்: உயிரையே விட்டவர் இருக்கிறார். பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே தெகார்த். சிறு வயதில் உடல் நலிவு என்று பள்ளியிலேயே காலையில் தாமதமாக எழச் சலுகை பெற்றவர். படுத்தபடி நெடுநேரம் யோசிக்கும் அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. அவருடைய சிந்தனைகள் விளைந்த வயல் அந்தப் படுக்கைதான்.

ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா அவரிடம் தத்துவம் கற்க ஆசைப்பட்டாள். அழைத்துவரப் போர்க்கப்பலையே அனுப்பினாள். 1649 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தார். பாடத்துக்கு ராணி ஒதுக்கிய நேரம் விடியற்காலை ஐந்து மணி! ஸ்வீடனின் குளிர்காலத்தில்! 'அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட' கதை நமக்குத் தெரியும். இவர் அரசியை நம்பிப் படுக்கையைக் கைவிட்டார். நிமோனியா கண்டு 1650 பிப்ரவரி 11 அன்று இறந்தார். வயது 53. நவீனத் தத்துவத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடும் மனிதருக்கு இப்படியொரு முடிவு என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கிறிஸ்டினாவைக் கொடுமைக்காரி என்று சொல்லமாட்டேன். அறிவுத் தாகம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது. 1654இல் முடியைத் துறந்து, கத்தோலிக்க மதத்தைத் தழுவி, ரோமில் போய் வாழ்ந்தவள் அவள். ஆனாலும் ஆசிரியரை வரவழைத்தவள், அவருக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டிருக்க வேண்டும். அது அவள் செய்த பிழைதான்.