சயனமா, ஆசனமா?

இருபதாயிரம் ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கணினி வாங்கக் கிளம்புகிறவனுக்குக் கிடைக்கும் ஆலோசனைகள், பெண்ணுக்கு வரன் தேடுகிறவனுக்குக் கிடைப்பவற்றைக் காட்டிலும் அதிகம் என்பதை அனுபவபூர்வமாக அறிந்தவன் நான். டேப்லெட்டா, லேப்டாப்பா என்று வாய்தவறி ஒரு வார்த்தை கேட்டதுதான் தாமதம். அதுவரை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட எங்கள் குடும்பத்தார் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டார்கள். பெங்களூரில் கணினி உத்தியோகம் பார்க்கும் என் தமக்கையின் புதல்வன், "மாமா, உங்க யூஸுக்கு டேப்பே போதும்" என்று தொலைபேசியில் தீர்ப்பளித்தான். என்னுடைய உபயோகத்தைப் பற்றி அவனுக்கு இத்தனை தாழ்ந்த அபிப்பிராயம் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

பெரிய சர்க்கார்களே இந்த விஷயத்தில் ஏகமனதாக இருந்ததில்லை. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக சர்க்கார் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அடுத்த மாதமே மத்திய சர்க்கார், மாணவர்களுக்கு உகந்தது இதுதான் என்று 'ஆகாஷ்' என்னும் டேப்லெட்டைத் தில்லியில் வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை கொண்ட அந்த முதல் ஆகாஷை, தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். சென்னையும் தில்லியும் ஒத்துப்போகாத விவகாரத்தில் நானும் என் சகலையும் ஒத்துப்போவது எங்ஙனம்?

சகலை டேப்லெட் கட்சியின் தலைவர். ஈஸிசேரில் சாய்ந்து, கால்களை நீட்டி, அந்தப் பலகையை மார்பின்மேல் நிறுத்திக்கொண்டு, "இதைவிட என்னய்யா சுகம் வேணும்?" என்று அவர் கேட்கும்போது, மறுத்துப் பேச எனக்கும் மனம் வருவதில்லை. படிப்பதற்கும் பார்ப்பதற்கும் அது திவ்யமான சாதனம். பொத்தானைத் தொட்டவுடன் விழிக்கிறது, விசிறி வைத்துப் பெருமூச்சு விடுவதில்லை, அரைக் கிலோவைச் சுற்றித்தான் எடை. கண் அயரும்போது அந்த அரைக் கிலோ நழுவி மூக்கின்மேல் விழுவது உண்டு என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. மூக்கைப் பார்த்து நாங்களாகவே தெரிந்துகொள்வோம்.

ஆனால் அதில் ஒரு கட்டுரை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. தட்டச்சு செய்ய விரலை வைத்த மாத்திரத்தில் திரையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு விசைப்பலகை கிளம்பி வந்து பாதி இடத்தை ஆக்கிரமித்துக்கொள்ள, நான் எழுதியதில் இரண்டு வரிகள் மாத்திரம் மேலே எட்டிப்பார்த்தன. நான் தமிழ்99 முறையில் பழகியவன். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டிப் பிரசித்தியடைந்த அந்த முறையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். சாதாரண விசைப்பலகையில் எஃப், ஜே என்னும் இரு விசைகளின்மேல் சிறு மேடு உண்டல்லவா? இடச் சுட்டுவிரலுக்கு அடியிலுள்ள அந்த மேட்டில் புள்ளியும், வலச் சுட்டுவிரலுக்கு அடியில் பகரமும் வீற்றிருக்கும்; ஆகையால் கண்ணை மூடிக்கொண்டுகூட எழுதலாம். வழவழவென்ற கண்ணாடியில் மேடேது, பள்ளமேது? என் புள்ளிகளெல்லாம் இடம் தவறி விழுந்து, 'தமிழ்' என்று எழுத நினைத்த இடத்தில் 'தமிழ' என்று நின்றது.

"தனியாக ஒரு கீபோர்டு வாங்கி மாட்டிக்கொள்" என்றார் சகலை. நியாயமான யோசனைதான். 2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஒரு சோபா நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து ஐபேடைக் காட்டினாரே, அன்றைக்கே அதற்கென்று ஒரு விசைப்பலகைத் தாங்கியையும் சேர்த்தே அறிவித்துவிட்டார். சாய்ந்திருப்பவன் என்றாவது நிமிர வேண்டிவரும் என்பது அவருக்கும் தெரிந்தேயிருந்தது. ஆனால் டேப்லெட்டின் விலையோடு கீபோர்டு, அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டு, உறை, பேனா என்று கூட்டிக்கொண்டே போனால், முடிவில் ஒரு லேப்டாப்பின் விலையைக் கொடுத்து, தனித்தனியாகத் தொலைந்துபோகக்கூடிய ஒரு லேப்டாப்பை வாங்கியவனாகிறோம்.

அதற்காக மலிவு லேப்டாப்பை மெச்சுவதற்கில்லை. மௌண்ட் ரோடுக்குப் பக்கத்து ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன், "பேசிக் யூஸ்தானே சார்?" என்று கேட்டு எடுத்து வைத்த புத்தம்புதிய யந்திரத்தில் ராம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி. விண்டோஸ் 11-க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தகுதியும் அதே 4, அதே 64! வாசற்படியிலேயே தலை இடிக்கும் வீட்டில் குடியிருப்பவன் எப்படி நிமிர்வது? அந்த யந்திரத்தின் திரையும் மட்டம்; சற்றே தலையைச் சாய்த்துப் பார்த்தாலே அதிலிருந்தவர்களின் முகம் நீலம் பாரித்தது.

கடைக்காரர்கள் எத்தனையோ கேட்கிறார்கள், "ஐயா, தாங்கள் படுத்துக்கொண்டு உபயோகிப்பீர்களா, உட்கார்ந்துகொண்டா?" என்ற ஒன்றை மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்டிருந்தால் என் விவகாரம் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கடைசியில் அதே தெருவில், ஏதோ ஆபீஸிலிருந்து கழித்துவிடப்பட்டு, ரீஃபர்பிஷ்டு என்ற பட்டத்துடன் மறுவாழ்வு பெற்றிருந்த ஒரு லேப்டாப், 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் சகிதமாக, என் இருபதாயிரத்துக்குள்ளேயே அகப்பட்டது. பழைய சொந்தக்காரர் மகா உழைப்பாளி போலும். 'ஏ' விசையில் எழுத்தே அழிந்திருந்தது. என் விரல்களுக்கு அங்கே இருப்பது அகரம் என்று தெரியுமாகையால் நஷ்டமில்லை.

சகலைக்கு என் தேர்வில் சம்மதமில்லை. தினந்தோறும் விடியற்காலையில் சயனித்தபடியே ஒற்றை விரலால் அவர் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் நீண்ட தத்துவ உபதேசங்களுக்கு, நான் மேஜைமுன் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து விரல்களாலும் மறுப்பு எழுதி அனுப்புகிறேன்; அவற்றை அவர் படிப்பதற்குள் டேப்லெட் மூக்கின்மேல் விழுந்துவிடுகிறது போலும்.