கண்ணாடி சொல்லும் பொய்

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் மகன் தினமும் பத்து முட்டையை அவித்து வெள்ளைக்கருவை மட்டும் தின்கிறான். அரிசியும் பருப்புஞ் சாதம் வைத்தால் "கார்ப்ஸ்ங்கம்மா" என்று தட்டைத் தள்ளுகிறான். தோள் கதவை இடிக்கிறது. கண்ணாடி முன் நின்று "இன்னும் ஒல்லியாத்தான் இருக்கேன்" என்கிறான். என்னங்க பண்றது?
– ஓர் அம்மா, பீளமேடு, கோவை

பதில்: முதலில் ஒரு சந்தேகம். அந்தப் பத்து மஞ்சள்கரு யார் வயிற்றுக்குப் போகிறது? உங்களுக்கென்றால், ஜிம்முக்குப் போக வேண்டியது நீங்கதான் அம்மணி!

கோவைக்கு உடற்பயிற்சி புதிதல்ல. இங்கே ராமநாதபுரத்தில் 1915-இல் பிறந்த சின்னப்பா தேவர், உடம்பை முறுக்கேற்றியே 'சாண்டோ' என்ற அடைமொழி பெற்றவர். ஆனால் கண்ணாடி முன்னாலேயே நின்றுவிடவில்லை. 1956-இல் 'தாய்க்குப் பின் தாரம்' படம் எடுக்கப் போய்விட்டார்.

மலைபோல் தோள் இருந்தும் தன் கண்ணுக்கு நோஞ்சானாகத் தெரிவதற்கு 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று 1990-களில் பெயர் வைத்தார்கள். கல்யாணப் பந்தியைக் கண்டு ஓடுவது, காய்ச்சலிலும் டம்பெல் தூக்குவது, ஒருநாள் ஜிம் தவறினால் உலகமே இடிந்ததுபோல் உட்காருவது எல்லாம் அதன் அடையாளங்கள். இவை இருந்தால் தேவை இன்னொரு புரோட்டீன் டப்பா அல்ல, மனநல மருத்துவர். திட்டாமல் கூட்டிப் போங்கள்.

அப்படியே மகனிடம் சொல்லுங்கள்: அரிசிப் புரதத்தில் குறைவதைப் பருப்பு நிரப்பும், பருப்பில் குறைவதை அரிசி நிரப்பும். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். டப்பாவில் அடைத்துப் படம் ஒட்டாததுதான் கொள்ளு செய்த குற்றம்!