‘சொல்ல மறந்துட்டேன்’: சதுரங்க விதிகள் தாமதமாக வெளிப்படுவது குறித்து ஓர் ஆய்வு

சதுரங்கத்துக்கு விதிகள் எத்தனை என்று கேட்டால் விடை சொல்வது எளிது என்றே பலரும் நினைக்கிறார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1924இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் விதிநூலில் பன்னிரண்டு பிரிவுகள். காய்கள் எப்படி நகரும், ஆட்டம் எப்போது முடியும் என்பதெல்லாம் முதல் ஐந்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த நூலைப் படித்துச் சதுரங்கம் கற்றவர்களைக் காண்பது அரிது. நம் வீடுகளுக்கு ஆட்டம் வேறு வழியாக வருகிறது: கோடை விடுமுறை, கூடத்துத் தரை, மடக்குப் பலகை, தொலைந்துபோன சிப்பாய்க்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான், எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்த மாமாவோ சித்தப்பாவோ அண்ணனோ. இவ்வழியில் வரும் விதிகள் இருவகைப்படும். ஆட்டம் தொடங்குமுன் சொல்லப்படுபவை ஒருவகை. சொல்பவர் தோற்கத் தொடங்கியபின் சொல்லப்படுபவை மற்றொருவகை. முதல்வகைக்கு நூல்கள் ஏராளம். இரண்டாவதை இதுவரை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வு வசதிக்காகச் சொல்பவரை இனி ஆசான் என்றும், கேட்பவரை மாணாக்கர் என்றும் குறிப்போம். இந்தப் பட்டத்துக்கு வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

நிகழ்வை முதலில் வரையறுத்துக்கொள்வோம். மாணாக்கர் மூன்றாவது ஆட்டத்தில் சற்றே மேலோங்கி நிற்கிறார். ஆசானின் சிப்பாய் ஐந்தாம் வரிசைவரை முன்னேறி நிற்க, மாணாக்கர் தம் சிப்பாயைத் தொடக்கக் கட்டத்திலிருந்து இரண்டு கட்டம் தள்ளி அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஆசான் தம் சிப்பாயைச் சாய்வாக ஒரு காலிக் கட்டத்தில் வைத்து, பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பெட்டிக்குள் போடுகிறார். “மாமா, இதை நீங்க சொல்லவே இல்லையே?” என்கிறார் மாணாக்கர். “இதுக்குப் பேரு ஆன் பாசான். சொல்ல மறந்துட்டேன்டா” என்கிறார் ஆசான். அவர் சொன்ன விதி சரியானதே. உடனடியாக அடுத்த நகர்த்தலிலேயே வெட்டிவிட வேண்டும், தாமதித்தால் உரிமை போய்விடும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. நம் ஆய்வுக்குரியது விதியல்ல, ‘மறந்துட்டேன்’ என்ற சொல். இதை மறதி என்று எடுத்துக்கொள்வதே இன்றுவரை வழக்கம். அந்த வழக்கம் பிழை என்பதும், விதியைப் பிடித்து வைத்திருந்து உரிய நேரத்தில் விடுவது ஒரு முழுமையான கற்பித்தல் முறை என்பதும், உலகில் சதுரங்கம் பரவியதே இம்முறையால்தான் என்பதும் இங்கே நிறுவப்படும்.

முன்னோர் இதைத் தொட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது ஆய்வு மரபு. பவணந்தி முனிவரின் நன்னூல், ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நான்கு உவமை தருகிறது. போட்ட வரிசையில் திரும்பத் தராத கழற்குடம், யாரையும் அருகில் விடாமல் தானாக விழுந்தால் மட்டுமே பழம் தரும் மடற்பனை, திணிக்கவும் பாடு எடுக்கவும் பாடு என்றிருக்கும் பருத்திக் குண்டிகை, ஒருவர் நீரூற்ற வேறொருவர் வீட்டில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. நம் ஆசான் இந்த நால்வரில் எவருமல்லர். அவர் கொடுக்கிறார், தெளிவாகவும் கொடுக்கிறார், தமக்கு ஆகிற நேரம் பார்த்துக் கொடுக்கிறார். பவணந்தியார் இந்த ஐந்தாம் வகையை விட்டுவிட்டதற்குக் காரணம், அவர் இலக்கணம் கற்பிப்பவர்களை மட்டும் கருதியதாகவே இருக்க வேண்டும். புணர்ச்சி விதியை மறைத்து வைத்து யாரும் மாணவனை வெல்ல முடியாது.

மறதி அல்ல என்பதற்கு முதற்சான்று அதன் திசை. உண்மையான மறதிக்குச் சார்பு கிடையாது. கண்ணாடியை மறப்பவர் குடையையும் மறப்பார். விதிகளை நிஜமாகவே மறப்பவராக இருந்தால், ஆசான் தமக்குச் சாதகமான ஆன் பாசானையும் சில வேளை கோட்டைவிட வேண்டும். மாணாக்கருக்குச் சாதகமான ஒன்று சில வேளை திடீரென நினைவுக்கு வந்து, “இரு இரு, நீ இப்போ என் சிப்பாயை வெட்டலாம்” என்று அவர் வாயாலேயே வர வேண்டும். அப்படி ஒரு சொல் கூடத்துத் தரைகளில் ஒலித்ததாகச் செய்தி இல்லை. கோட்டை கட்டும் விதியிலும் இதே கதைதான். ராஜாவும் யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது, நடுவில் காய் இருக்கக் கூடாது என்ற இரண்டும் முதல் நாளே சொல்லப்படும். ராஜா செக்கில் இருக்கும்போது கட்டக் கூடாது, எதிரியின் பார்வை படும் கட்டத்தைக் கடந்தும் கட்டக் கூடாது என்ற மற்ற இரண்டும், மாணாக்கர் தப்பிக்கக் கை நீட்டும் அந்தக் கணத்தில்தான் சொல்லப்படும். ஒரே விதியைச் சரியாக நடுவில் பிளந்து பாதியை மட்டும் மறப்பதற்கு அபார ஞாபகசக்தி வேண்டும்.

இரண்டாம் சான்று வரலாற்றிலிருந்து வருவது. ஆசான் எந்த விதிகளை முதலில் சொல்கிறார், எவற்றைப் பிற்பாடு சொல்கிறார் என்று அடுக்கிப் பார்த்தால், அந்த வரிசை விதிகள் பிறந்த வரிசையோடு பெரும்பாலும் பொருந்துகிறது. ராஜா, யானை, குதிரை ஆகியவற்றின் நடை பாரசீக, அரபு நாடுகளின் பழைய ஆட்டத்திலிருந்து அப்படியே வந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிவது இதுதான். ராணியும் பிஷப்பும் இன்றைய பலத்தைப் பெற்றது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில். இவை அடுத்துச் சொல்லப்படும். சிப்பாயின் இரட்டை நடையும் அதை ஒட்டிய ஆன் பாசானும் ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில் நிலைபெற்றன. இத்தாலியர்கள் 1880 வாக்கில்தான் ஆன் பாசானை ஏற்றுக்கொண்டார்கள். கட்டத்தில் நகர வழியின்றி, செக்கும் இன்றி மாட்டிக்கொள்ளும் ஸ்டேல்மேட் டிரா என்று உறுதிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்குமுன் இங்கிலாந்தில் எதிராளியை அந்நிலையில் தள்ளியவரே தோற்றவர் என்று எண்ணப்பட்டார். வீட்டிலும் ஸ்டேல்மேட்தான் கடைசி: ஒரு ராணியும் இரண்டு யானையும் கையில் வைத்துக்கொண்டு மாணாக்கர் வெற்றிக்குச் சிரித்த பிறகு வெளிவருவது. கரு தன் வளர்ச்சியில் இனத்தின் வரலாற்றைத் திரும்ப நடத்திக்காட்டுகிறது என்று எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் சொன்னார். உயிரியலார் அக்கோட்பாட்டைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. நிராதரவாக நிற்கும் அதற்குச் சதுரங்கக் கல்வியில் புகலிடம் தரலாம் என்பது இவ்வாய்வின் உபரிப் பயன்.

ஆசான்கள்மேல் இப்படி உள்நோக்கம் கற்பிக்கலாமா என்று சிலர் வருந்தக்கூடும். நவீன சதுரங்கம் பற்றி அச்சான நூல்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது, லூசேனா என்ற ஸ்பானியர் 1497இல் வெளியிட்டது. எதிராளியின் கண்ணில் வெயில் அடிக்கும்படி பலகையைப் போட வேண்டும் என்ற அறிவுரை அவரிடமே தொடங்குகிறது. இந்தத் துறையின் முதல் பாடநூல் இப்படி இருக்கையில், மாமாவிடம் மட்டும் வேறென்ன எதிர்பார்ப்பது?

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். விதிநூல் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் இந்தச் சிக்கலே எழாது என்பது அது. நூலைத் திறந்து பாருங்கள். காய்களின் நடையைச் சொல்லும் மூன்றாம் பிரிவு பிஷப்பில் தொடங்குகிறது; சிப்பாயைக் கிட்டத்தட்டக் கடைசிக்குத் தள்ளி, ஆட்டத்துக்கே காரணமான ராஜாவை அதற்கும் பின்னால் வைக்கிறது. உலகில் எந்த மாமாவும் பிஷப்பில் தொடங்கிப் பாடம் எடுப்பதில்லை. போதாதற்கு, ஆட்டத்தில் எழக்கூடிய எல்லா நிலைமைகளையும் இந்த விதிகள் உள்ளடக்கிவிட முடியாது என்று முன்னுரையிலேயே ஒப்புதல் வாக்குமூலம் வேறு. ‘மறந்துட்டேன்’ என்பதன் அலுவலக நடை வடிவம் அது. நூலைப் படிப்பது பயன் தரும் என்பதற்கு எதிரான சான்று பெரிய இடத்திலேயே இருக்கிறது. 1974இல் மாஸ்கோவில், உலகப் பட்டத்துக்கு மோதத் தகுதி பெறுவது யார் என்று தீர்மானித்த போட்டியில், கார்ப்போவுக்கு எதிரான 21ஆம் ஆட்டத்தின் நடுவே விக்டர் கோர்ச்னாய் நடுவரிடம் போய், யானை தாக்குதலில் இருக்கும்போது கோட்டை கட்டலாமா என்று கேட்டார். கட்டலாம். கட்டினார், வென்றார். 1960இல் அடிலெய்டில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் அவெர்பாக், எதிராளி பர்டி ராணிப் பக்கம் கோட்டை கட்டியபோது, தாக்குதலில் உள்ள கட்டத்தின் வழியே யானை போகிறதே, இது செல்லாது என்று ஆட்சேபித்தார். அந்தத் தடை ராஜாவுக்குத்தான், யானைக்கு அல்ல என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. இவர்கள் ஆயிரக்கணக்கில் ஆடியவர்கள். ஆனால் அந்த ஒரு விதி, வலிக்கிற ஆட்டத்தில், வலிக்கிற நேரத்தில் அவர்கள்மேல் ஒருபோதும் விழவில்லை போலும். விழுந்திருந்தால் மறந்திருக்கமாட்டார்கள். விதி காதுவழி நுழைவதில்லை, இழந்த காய்வழி நுழைகிறது என்ற நம் கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் கற்கிறார்கள், அங்கே மாமாவுக்கு வேலையில்லை என்பது அடுத்த மறுப்பு. இதுவும் நமக்கே சாதகம். செயலி, தவறான நகர்த்தலை ஏற்காமல் காயைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏன் என்று வாய் திறப்பதில்லை. ஒருநாள் எதிரியின் சிப்பாய் காலிக் கட்டத்துக்குப் போக, பக்கத்தில் நின்ற தன் சிப்பாய் மாயமாகிறது. பிள்ளை செயலியில் கோளாறு என்று முடிவுகட்டி, இணையத்தில் தேடி, அது பல நூறாண்டு பழைய விதி என்று அறிகிறது. வேறுபாடு ஒன்றுதான்: மாமா ‘மறந்துட்டேன்’ என்றாவது சொல்வார்.

ஆசானே இல்லாமல் கற்றவர்கள் இருக்கிறார்களே என்றும் கேட்கலாம். கியூபாவின் கபாபிளாங்கா நான்கு வயதில், தந்தை நண்பரோடு ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே விதிகளைக் கற்றதாகத் தம் நூலில் சொல்கிறார். தந்தை ஒரு குதிரையை வெள்ளைக் கட்டத்திலிருந்து வெள்ளைக் கட்டத்துக்கே வைத்துவிட, எதிராளியும் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பிள்ளை அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தது. இது விதிவிலக்கு போலத் தோன்றும். கூர்ந்து நோக்கினால், ஆசான் விதியை வைத்திருந்து விடுவதற்குப் பதில் மாணாக்கர் வைத்திருந்து விட்ட அரிய நிகழ்வு இது. முறை அதேதான், ஆட்கள்தான் இடம் மாறியிருக்கிறார்கள். விதியைத் தாமதமாக அறிபவர் பின்தங்கிவிடுவார் என்ற கவலைக்கும் இடமில்லை. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் சிறு வயதில் கற்றது, சிப்பாய்க்கு இரட்டை நடையே இல்லாத நாட்டு ஆட்டம்; மேற்கத்திய விதிகளை வாலிபத்தில்தான் பழகினார். 1929இல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933இலும் அவரே. ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல், அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து. ‘சொல்ல மறந்துட்டேன்’ என்பதைக் கூட்டமைப்பு அளவில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு சங்கடம், அதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. தாமதமாக வெளிப்படும் விதிகள் அனைத்தும் உண்மையானவை அல்ல. கடைசி வரிசையை எட்டிய சிப்பாய், ஏற்கெனவே வெட்டுப்பட்ட காயாகத்தான் மாறலாம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இப்படியும் ஆடப்பட்டது என்றாலும், இன்று உயிரோடு ராணி இருக்கும்போதே இன்னொரு ராணியை வாங்கலாம். ராஜா தனித்து நின்றால் இத்தனை நகர்த்தலுக்குள் மாட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஒரு எண் உலவுகிறது; விதிநூல் தருவது ஐம்பது நகர்த்தல், அதுவும் இடையில் எந்தக் காயும் வெட்டப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் போனால் மட்டும். இரண்டாம் ராணிக்குப் பதில் யானையைத் தலைகீழாக வைக்கும் வழக்கமும் இவ்வகையே. 2017இல் கனடா சாம்பியன் பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில் ஒருவர் அப்படி வைக்க, நடுவர் கடிகாரத்தை நிறுத்தி, அது யானையேதான் என்றார். வைத்தவர் தோற்றார். பொய் விதிகள் கலந்திருப்பதால் முறையே கெட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் புதிதாக நினைவுக்கு வந்த விதி அடுத்த ஆட்டத்திலிருந்துதான் செல்லும் என்று சில நல்லவர்கள் முன்வைக்கும் சீர்திருத்தத்தை இவ்வாய்வு கடுமையாக எதிர்க்கிறது. வலி இல்லாத இடத்தில் பாடம் ஏது? அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தால் இரண்டே தலைமுறையில் ஆன் பாசானை அறிந்தவர்கள் அருகிவிடுவார்கள்.

ஆகவே மாணாக்கர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாமா ‘மறந்துட்டேன்’ என்றால் நம்ப வேண்டாம். அவர் சொல்வது ஆன் பாசானாகவோ, கோட்டை கட்டும் விதியின் மறுபாதியாகவோ, ஸ்டேல்மேட்டாகவோ இருந்தால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுங்கள், விதி மெய்யானதுதான். வேறு எதுவாக இருந்தாலும் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, விதிநூலைக் காட்டச் சொல்லுங்கள்.