சீமைச் சாமந்தி டீ

கேள்வி: கெமோமில் டீ குடித்தால் படுத்ததும் தூக்கம் வருமாமே, நிஜமா? எப்படிப் போடுவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஒன்று, அதில் டீத்தூளே கிடையாது! சீமைச் சாமந்திப் பூவைக் காயவைத்து வெந்நீரில் ஊறவைத்த கஷாயம்தான் அது. கஷாயம் என்றால் நாம் ஓடிவிடுவோம் என்று டீ ஆக்கிவிட்டார்கள்.

காஃபின் இல்லாததால் தூக்கத்தைக் கெடுக்காது. மனசு கொஞ்சம் லேசாகும். அதற்காகத் தூக்க மாத்திரை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் வயிறு சரியில்லை என்றால் வீட்டில் முதலில் போடுவது இதைத்தான். பீட்ரிக்ஸ் பாட்டரின் 1902-ஆம் ஆண்டுக் கதையில், தோட்டத்தில் திருட்டுத் தீனி தின்று வந்த குட்டி முயலுக்கு அம்மா முயல் கொடுப்பதும் இதுவே.

ஒரு கப்புக்கு இரண்டு டீஸ்பூன் காய்ந்த பூ. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, உடனே தட்டு போட்டு மூடுங்கள். இல்லையென்றால் வாசனை ஆவியோடு போய்விடும். 5 முதல் 10 நிமிடம் கழித்து வடிகட்டினால் வைக்கோல் நிறம், ஆப்பிள் வாசனை. கிரேக்கர்கள் இதற்குத் 'தரை ஆப்பிள்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. பால் ஊற்றிப் பாழாக்காதீர்கள். வேண்டுமானால் துளி தேன்.

சாமந்திப் பூ அலர்ஜி உள்ளவர்கள் தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

கடைசியாக ஒன்று: டீயைக் குடித்துவிட்டு நள்ளிரவு வரை செல்போனை நோண்டினால், பாவம், பூ என்ன செய்யும்?