தேரூர்க் குளத்து யாத்திரிகர்கள்

கேள்வி: சுற்றுச்சூழல் கெடாமல் கன்னியாகுமரிக்குப் போக வேண்டுமாமே! விவேகானந்தரைப் போல நீந்தித்தான் போக வேண்டுமோ?
— ஒரு வாசகர், வடசேரி

பதில்: விவேகானந்தர் பாறைக்குப் படகும், ஊருக்கு ரயிலும் இருக்கையில் நீந்துவானேன்? அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து குமரியில் நிற்கும் விவேக் எக்ஸ்பிரஸ், அந்தத் துறவியின் நாமத்தையே தாங்கியிருக்கிறது.

ஆயினும் உத்தமமான யாத்திரிகர்களைத் தரிசிக்க விரும்பினால், கவிமணி பிறந்த தேரூருக்குச் செல்லுங்கள். வடதேசங்களின் குளிருக்குத் தப்பி, தம் தேகத்தில் சேர்த்த கொழுப்பையே முக்கிய எரிபொருளாகக் கொண்டு, மலைகளையும் சமவெளிகளையும் கடந்து, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் வார்க்கும் அவ்வூர்க் குளங்களில் வந்திறங்கி, கிடைத்ததை உண்டு, ஒரு பிளாஸ்டிக் புட்டியைக்கூட விட்டுச் செல்லாமல் திரும்புகிற வாத்துகளும் உள்ளான்களும் ஆலாக்களும் அங்கே வாசம் செய்கின்றன. சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது பெரும்பாலும் இவற்றின் பொருட்டே.

வந்த விருந்தாளிகள் சுத்தமாகத்தான் இருக்கிறார்கள். குளத்தில் குப்பை கொட்டுகிற நாமல்லவா வெட்கப்பட வேண்டியவர்கள்? டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி, சுசீந்திரத்தில் இறங்கி, தாணுமாலயனைத் தொழுதபின் குளக்கரையில் சற்று நடந்து பாருங்கள். கையில் துணிப்பையும் வீட்டுத் தண்ணீரும் இருக்கட்டும்.